பால்டர்ஸ் கேட் 3 சண்டைல சும்மா சும்மா சாகுறீங்களா? புதுசா ஆடுறவங்க கேக்குற கேள்விகள்

இந்த கேம் 2023 ஆகஸ்ட்ல பிசிக்கு வந்துச்சு, அப்பலேர்ந்து புதுசா ஆரம்பிக்கிற ஒவ்வொருத்தரும் கேக்குறது கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். கதைய எங்கயும் உடைக்க மாட்டேன், முதல் பாகத்துல வர்ற இடங்கள மட்டும் உதாரணத்துக்கு எடுத்துக்குறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐஞ்சாவது பதிப்பு விதிகள வெச்சு செஞ்ச கேம் இது, ஆனா அந்த விதிப்புத்தகம் எதையும் நீங்க படிச்சிருக்கத் தேவையில்ல. நானும் படிக்கல, செத்து செத்துத்தான் கத்துக்கிட்டேன்.

நான் ஆக்‌ஷன் கேம் மட்டுமே ஆடினவன். இதுல என் டர்ன்ல என்னென்ன பண்ணலாம்னே புரியல, கொஞ்சம் சொல்லுங்க?

உங்க டர்ன் வந்துச்சுன்னா கைல மூணு விஷயம் இருக்கும். ஒரு ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன், அப்புறம் நடக்குற தூரம். கீழ பச்சை வட்டம் தெரியுதே அது ஆக்‌ஷன், ஆரஞ்சு முக்கோணம் போனஸ் ஆக்‌ஷன். தூரம் பெரும்பாலான ஆளுங்களுக்கு 9 மீட்டர், குள்ள இனங்களுக்கு 7.5. இதுல எத முதல்ல பண்ணணும்னு எந்த வரிசையும் கிடையாது, பாதி தூரம் நடந்து அடிச்சிட்டு மீதி தூரம் நடந்து ஒளிஞ்சுக்கலாம், புதுசா வர்றவங்க பல பேர் அடிச்சதோட டர்ன் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு பட்டன அமுக்கிடுறாங்க.

நாலாவதா ரியாக்‌ஷன்னு ஒன்னு இருக்கு, அது எதிரி டர்ன்ல தானா நடக்கும். உங்க பக்கத்துல நிக்கிற எதிரி உங்கள விட்டு விலகி ஓடினா ஒரு அடி ஓசில விழும். அதே மாதிரி நீங்க ஓடினா உங்களுக்கும் விழும். அந்த ஓசி அடி வாங்கித்தான் நெறைய மந்திரவாதிங்க செத்துப் போறாங்க.

போனஸ் ஆக்‌ஷன வீணாக்குறதுதான் நான் பாக்குற பெரிய தப்பு. போஷன் (மருந்து பாட்டில்) குடிக்கிறது போனஸ் ஆக்‌ஷன்தான், ஆளத் தள்ளி விடுறதும் அதேதான், குதிக்கிறதும் அதேதான். குதிச்சா நடக்குற தூரத்துல 3 மீட்டர்தான் குறையும், ஆனா பலசாலி ஆள் அதவிட தூரமா போய் விழுவான், அதனால லேசெல் (உங்க கூட வர்ற வாள் வீராங்கனை) மாதிரி ஆளுக்கு குதிக்கிறது நடக்குறதவிட லாபம். டர்ன முடிக்கிறதுக்கு முன்னாடி ஆரஞ்சு முக்கோணம் இன்னும் எரியுதான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, அவ்ளோதான்.

80 சதவீதம்னு காட்டுது, ரெண்டு தடவ தொடர்ந்து மிஸ். கேம் ஏமாத்துதா?

இல்ல. 80ன்னா அஞ்சுல ஒன்னு மிஸ், ரெண்டு தடவ தொடர்ந்து மிஸ் ஆக நூத்துக்கு 4 வாய்ப்பு. ஒரு சண்டைல நாலு பேரும் சேந்து இருவது முப்பது தடவ அடிக்கிறீங்க, அப்ப எங்கயாவது அது நடக்குறது சகஜம்தான். நம்ம மூளை விழுந்த அடிய மறந்துரும், விழாத அடிய மட்டும் கணக்கு வெச்சு கேம திட்டும்.

உள்ள நடக்குறது ரொம்ப சிம்பிள். 20 பக்கம் இருக்குற ஒரு டைஸ உருட்டுது, வந்த நம்பரோட உங்க ஆளோட திறமைய கூட்டுது, அது எதிரியோட ஆர்மர் கிளாஸுக்கு (அவன அடிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு சொல்ற நம்பர்) சமமாவோ மேலயோ இருந்தா அடி விழும். ஆர்மர் கிளாஸ எல்லாரும் ஏசி ஏசின்னுதான் சொல்லுவாங்க, ரூம்ல மாட்டுற ஏசி இல்ல. டைஸ்ல 20 விழுந்தா கிரிட்டிக்கல், டேமேஜ் டைஸ் டபுள். 1 விழுந்தா எவ்ளோ பெரிய வீரனா இருந்தாலும் மிஸ்.

செட்டிங்ஸ்ல கார்மிக் டைஸ்னு ஒன்னு இருக்கும், டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும், தொடர்ந்து மோசமான நம்பரா விழாம பாத்துக்குறதுக்கு. நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆடுறேன், சுத்தமான டைஸ் பிடிக்கும்னு. புதுசுன்னா அப்படியே விட்டுருங்க.

சரி, அந்த சதவீதத்த ஏத்துறது எப்படி?

இதுதான் கேக்க வேண்டிய கேள்வி. அட்வான்டேஜ்னு ஒன்னு கெடைச்சா டைஸ ரெண்டு தடவ உருட்டி பெருச எடுத்துக்கும். 60 சதவீத அடி 84 ஆயிரும். அதுக்கு எதிரா டிஸ்அட்வான்டேஜ் இருக்கு, ரெண்டுல சிறுச எடுக்கும், அதே 60 அப்படியே 36க்கு விழுந்துரும். ஒரே ஆள், ஒரே ஆயுதம், ஒரே எதிரி, நிக்கிற நெலமைய வெச்சு 36ல இருந்து 84 வரைக்கும் மாறுதுன்னா சண்டை எங்க நடக்குதுன்னு யோசிச்சுக்கோங்க.

அட்வான்டேஜ் எப்படி வரும்? எதிரிக்குத் தெரியாம ஒளிஞ்சிருந்து அடிச்சா வரும். கீழ விழுந்து கெடக்குறவன பக்கத்துல போய் அடிச்சா வரும். தூங்குறவன அடிச்சா வரும். ஷேடோஹார்ட்னு உங்க கூட வர்ற க்ளெரிக் (கடவுள் சக்தில மந்திரம் போடுறவ) கிட்ட இருக்குற கைடிங் போல்ட் ஸ்பெல் பட்டவன் மேல அடுத்த அடிக்கு வரும். டிஸ்அட்வான்டேஜ் வர்ற வழி இன்னும் ஈஸி. மூஞ்சிக்கு நேரா எதிரி நிக்கும்போது வில்லு விட்டா வரும், தூரத்துல இருந்து அடிக்கிற ஸ்பெல்லுக்கும் அதேதான். வில்லு வெச்சிருக்கறவன் பக்கத்துல எதிரி வந்துட்டா ஒன்னு அவனத் தள்ளி விடுங்க, இல்ல கத்திக்கு மாறுங்க, அங்கயே நின்னு வில்லு விடாதீங்க.

அப்புறம் உயரம். மேல நின்னு கீழ அடிச்சா +2, கீழ நின்னு மேல அடிச்சா -2. டைஸ்ல ஒவ்வொரு நம்பரும் 5 சதவீதம், ஆக மேல இருக்குறவனுக்கும் கீழ இருக்குறவனுக்கும் நடுவுல 20 சதவீத வித்தியாசம். ஒரு ஏணி ஏறினா போதும்.

பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி எதிரி மேல மவுஸ வெச்சா எதனால கூடுது எதனால குறையுதுன்னு கேமே எழுதிக் காட்டும். அத படிக்காம அடிக்கிறவங்கதான் டைஸ திட்டுறவங்க.

எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் அடிக்கலாமா, ஒருத்தனையே அடிக்கலாமா?

ஒருத்தனையே. எப்பவும். 1 எச்பி (உயிர்ப் புள்ளி) மிச்சம் வெச்சிருக்குற கோப்ளின் முழு எச்பி இருக்குற கோப்ளின் அளவுக்கே அடிப்பான், காயத்தால அவன் கை நடுங்காது. நாலு பேர பாதி பாதி அடிச்சு வெச்சீங்கன்னா அவங்க டர்ன்ல நாலு அடி வாங்குவீங்க, ரெண்டு பேர முழுசா முடிச்சிருந்தா ரெண்டு அடிதான்.

நான் இந்த கேம புரிஞ்சுக்கிட்டதே இதுலதான். எச்பி, டேமேஜ் எல்லாம் ரெண்டாவது, எதிரி பக்கம் எத்தன டர்ன் கெடைக்குதுங்குறதுதான் கணக்கு. அவனுக்கு கெடைக்க வேண்டிய டர்ன் ஒன்ன திருடிட்டா அது நமக்கு ஒரு டர்ன் கெடைச்ச மாதிரி. கொன்னாலும் சரி, தூங்க வெச்சாலும் சரி, மேல இருந்து தள்ளி விட்டு அவன் திரும்ப ஏறி வர்றதுக்கே டர்ன் போக வெச்சாலும் சரி, எல்லாம் ஒன்னுதான். ஒவ்வொரு சண்டைலயும் இந்த கேள்விய மட்டும் கேளுங்க, இப்ப நான் பண்ணப்போறது அவங்க டர்ன்ல எத்தன அடிய குறைக்கும்னு.

யார மொதல்ல? பெரிய ஆள மொதல்ல அடிக்கத் தோணும், ஆனா அவன் சாக மூணு டர்ன் ஆகும். பின்னாடி நின்னு வில்லு விடுறவன், மந்திரம் போடுறவன், இவங்களுக்கு எச்பியும் ஏசியும் பொதுவா கம்மியா இருக்கும், ஆனா வலிக்க வலிக்க அடிப்பாங்க. அவங்கள முடிங்க, பெரியவன அதுவரைக்கும் ஏதாவது ஒரு ஸ்பெல்லால கட்டிப் போடுங்க.

ஸ்லீப் ஸ்பெல் போட்டா சில சமயம் வேல செய்யுது, சில சமயம் சும்மா போகுது. ஏன்?

அது டைஸ் பாக்குற ஸ்பெல் இல்ல, எச்பி பாக்குற ஸ்பெல். முதல் லெவல் ஸ்லாட்ல (ஸ்பெல் ஒவ்வொரு தடவ போடவும் ஒரு ஸ்லாட் செலவாகும்) போட்டா மொத்தம் 24 எச்பிக்குள்ள இருக்குற ஆளுங்கள தூங்க வெக்கும். 10 எச்பி இருக்குற ரெண்டு பேர் தூங்குவாங்க, 30 எச்பி இருக்குற ஒருத்தன் கொட்டாவி கூட விட மாட்டான். அதனால மொதல்ல அடிச்சு எச்பிய இறக்கிட்டு அப்புறம் போடுங்க. ஆரம்ப லெவல்ல இதுக்கு ஈடா வேற ஸ்பெல் இல்லன்னே சொல்லலாம், லெவல் ஏற ஏற எதிரிங்க எச்பி கூடிரும், அப்ப தூக்கிப் போட்டுரலாம். தூங்குறவன அடிச்சா முழிச்சுருவான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, அதனால கடைசில அவன்கிட்ட வாங்க, பக்கத்துல நின்னு நல்ல பெரிய அடியா போடுங்க, பட்டா கிரிட்டிக்கல்தான்.

என் பார்ட்டி நாலு பேரும் ஒன்னா நிக்கிறப்ப சண்டை ஆரம்பிக்குது, மொத டர்ன்லயே பாதி எச்பி காலி. இதுக்கு என்ன பண்றது?

ஒன்னா நடந்து போனா அப்படித்தான். சண்டைக்கு முன்னாடி கிடைக்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கே, பாதி சண்டை அங்கயே முடிஞ்சிருது, ஆனா புதுசா ஆடுறவங்க அத அப்படியே கோட்டை விட்டுடுறாங்க.

தூரத்துல எதிரி மாதிரி ஏதோ தெரிஞ்சா நில்லுங்க. குரூப்ப பிரிங்க, கீபோர்டுல ஜி அமுக்கினா பிரியும். வில்லு ஆளையும் மந்திரவாதியையும் தனித்தனியா உயரமான இடத்துக்கு கொண்டு போய் வெச்சிருங்க. ஏசி அதிகமா இருக்குற ஆள மட்டும் முன்னாடி அனுப்பி பேச வைங்க. அவன் பேசிக்கிட்டு இருக்கும்போதே மத்த மூணு பேருக்கு மாறி அவங்கள நகத்தலாம், இது தெரியாமலே முழு கேமையும் முடிச்சவங்க இருக்காங்க.

பேசவே வேணாம்னு முடிவு பண்ணிட்டா இன்னும் நல்லது. எல்லாரும் ஒளிஞ்ச நெலமைல போய் மொத அடி நீங்க அடிச்சா, உங்கள பாக்காத எதிரிங்க சர்ப்ரைஸ் ஆகி அவங்க மொத டர்ன இழந்துருவாங்க. எதிரிங்க எல்லாருக்கும் ஒரு டர்ன் போச்சுன்னா அது எவ்ளோ பெரிய விஷயம்னு மேலயே சொல்லிட்டேன். ஒளிஞ்சு போகும்போது தரைல சிவப்பா ஒரு பகுதி தெரியும், அது அவங்க கண்ணு படுற இடம், அதுக்குள்ள கால வெக்காம சுத்திப் போங்க.

கடைசியா, ஒருத்தர ஒருத்தர் ஒட்டிக்கிட்டு நிக்காதீங்க. ஒரு குண்டு, ஒரு நெருப்பு ஸ்பெல், மூணு பேருக்கும் சேத்து விழும்.

கடற்கரைல முதல் சண்டைலயே செத்துட்டேன். எனக்கு இந்த கேம் சரிப்பட்டு வராதா?

அய்யோ, அந்த மூணு மூளைப் பிராணிங்க. கப்பல் விழுந்த எடத்துல நாலு காலோட ஓடுற மூளைங்க. நான் அங்க நாலு தடவ செத்தேன், ஒவ்வொரு தடவையும் நேரா உள்ள ஓடிப் போய். அஞ்சாவது தடவ தூரத்துலயே நின்னு, அதுங்க ஓடி வர்ற வரைக்கும் அடிச்சேன், வந்து சேர்றப்ப ரெண்டுதான் இருந்துச்சு. சரிப்பட்டு வரும், கவலப்படாதீங்க. அந்த நேரத்துல உங்க கூட ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, லெவலும் 1, ஒரு கிரிட்டிக்கல் விழுந்தா ஆள் காலி. மொத்த கேம்லயே ரொம்ப பலவீனமா இருக்குற நேரம் அதுதான். சண்டை போடாம ஆள் சேக்குற வேல, பேசி எக்ஸ்பி (லெவல் ஏத்துற அனுபவப் புள்ளி) வாங்குற வேல நெறைய இருக்கு, லெவல் 2, 3 வர்ற வரைக்கும் அத பண்ணுங்க. பேச்சுல ஒரு சண்டைய தவிர்த்தாலும் எக்ஸ்பி வரும்.

ஷேடோஹார்ட் எதையுமே அடிக்க மாட்டேங்குறா. இவ பார்ட்டில தேவையா?

பாவம் அவ. அவகிட்ட ஃபயர் போல்ட் இருக்குறத பாத்து எல்லாரும் அதையே போடுறாங்க. அது அவ இனத்தால வந்த ஸ்பெல், அவளோட புத்திசாலித்தன நம்பர வெச்சு உருட்டும், அது அவளுக்கு சுமார்தான். அவளோட பலம் விஸ்டம், அதனால க்ளெரிக் ஸ்பெல்ல போடணும். சேக்ரட் ஃபிளேம் வேற மாதிரி, அங்க நீங்க உருட்டுறது இல்ல, எதிரி தப்பிக்க உருட்டுவான், வேகமான எதிரின்னா தப்பிச்சுருவான், டேமேஜே இருக்காது. கனமா தடுமாறுறவங்க மேல போடுங்க.

அவள அடிக்கிற ஆளா பாக்காம மத்தவங்கள தூக்கி விடுற ஆளா பாருங்க. ப்ளெஸ்னு ஒரு ஸ்பெல் இருக்கு, மூணு பேருக்கு போடலாம், அவங்க ஒவ்வொரு அடிக்கும் 4 பக்க டைஸ் ஒன்னு கூட சேரும். சராசரியா 2.5, அதாவது 12 சதவீதத்துக்கு மேல, மூணு பேருக்கும், 10 டர்னுக்கு, ஒரே ஒரு முதல் லெவல் ஸ்லாட்ல. அத விட்டுட்டு அவ கதாயுதத்த எடுத்துக்கிட்டு முன்னாடி போய் மிஸ் பண்ணிட்டு இருப்பா.

அவ க்ளெரிக் பிரிவு பிடிக்கலன்னா விதர்ஸ்னு ஒரு எலும்புக்காரர் கேம்ப்ல வந்து நிப்பாரு, 100 கோல்ட் குடுத்தா யாரோட கிளாஸையும் (க்ளெரிக், ஃபைட்டர் மாதிரி ஆளோட வகை) மொத்தமா மாத்திரலாம். உங்க சொந்த ஆள தப்பா செஞ்சுட்டீங்கன்னாலும் அவர்கிட்டயே போங்க, புது கேம் ஆரம்பிக்காதீங்க.

ப்ளெஸ் போட்டேன், அப்புறம் இன்னொரு ஸ்பெல் போட்டதும் ப்ளெஸ் காணாம போச்சு. இது கேம்ல இருக்குற பிழையா (பக்)?

பக் இல்ல, கான்சன்ட்ரேஷன். சில ஸ்பெல்லுங்கள ஒரு ஆள் ஒரு நேரத்துல ஒன்னுதான் பிடிச்சு வெக்க முடியும். ப்ளெஸ், ஹோல்ட் பர்சன், ஹேஸ்ட், வெப் எல்லாம் இந்த வகை. ஸ்பெல் விளக்கத்துலயே கான்சன்ட்ரேஷன்னு எழுதியிருக்கும். ரெண்டாவது போட்டா மொதல்ல போட்டது போயிரும்.

பிடிச்சு வெச்சிருக்கும்போது அடி வாங்கினா உருட்டணும், 10 இல்லன்னா வாங்குன டேமேஜ்ல பாதி, இதுல எது பெருசோ அதுக்கு சமமாவோ மேலயோ வரணும், இல்லன்னா ஸ்பெல் உடையும். கால் வழுக்கி கீழ விழுந்தாலும் உடையும். அதனால கான்சன்ட்ரேஷன் போட்ட ஆள் உடனே ஒரு தூணுக்குப் பின்னாடி போய் நிக்கணும், முன்னாடி நின்னு வேடிக்க பாக்கக் கூடாது. இது எதிரிக்கும் பொருந்தும். உங்க ஆள எவனாவது ஹோல்ட் பர்சன்ல கட்டிப் போட்டான்னா, போட்டவன தேடி அடிங்க. மேஜிக் மிசைல் இதுக்கு சூப்பர், மூணு அம்பும் மிஸ்ஸே ஆகாது, ஒவ்வொரு அம்புக்கும் அவன் தனித்தனியா உருட்டி தப்பிக்கணும்.

ஹீல் பண்ணிக்கிட்டே இருக்கணுமா?

வேணாம். எச்பி பாதிக்கு வந்துச்சேன்னு பதறி ஒரு முழு ஆக்‌ஷன ஹீலுக்கு குடுக்காதீங்க, நீங்க 7 ஏத்துவீங்க, எதிரி 10 இறக்குவான், சாண் ஏறினா முழம் சறுக்குற கதை. அந்த ஆக்‌ஷன்ல எதிரிய முடிச்சா அதுதான் பெரிய ஹீல். ஆள் கீழ விழுந்ததுக்கு அப்புறம் எழுப்புறது வேற, அது கண்டிப்பா பண்ணணும், ஏன்னா கெடக்குற வரைக்கும் உங்களுக்கு அவன் டர்ன் நஷ்டம். அதுக்கு ஹீலிங் வேர்ட் வெச்சுக்கோங்க, அது போனஸ் ஆக்‌ஷன், 18 மீட்டர் தூரத்துல இருந்தே எழுப்பிரும், ஆக்‌ஷன் அப்படியே மிச்சம். ஸ்லாட் இல்லன்னா போஷன எடுத்து அவன் பக்கத்துல எறிங்க, ஒடைஞ்சு சுத்தி இருக்குறவங்களுக்கு ஹீல் ஆகும். எறியறது ஆக்‌ஷன், ஆனா ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல கெடந்தா ஒரே பாட்டில்ல ரெண்டு பேரையும் எழுப்பலாம்.

கெடக்குறவன் ஒவ்வொரு டர்னும் உயிருக்கு உருட்டுவான், மூணு தோல்வி வந்தா செத்துருவான். கெடக்கும்போது அடி விழுந்தா தோல்விக் கணக்கு ஏறும். செத்துட்டாலும் பதறாதீங்க, ரிவிவிஃபை ஸ்க்ரோல் (உயிர் குடுக்குற மந்திரச் சுருள்) இருந்தா எழுப்பலாம், இல்லன்னா விதர்ஸ் 200 கோல்டுக்கு எழுப்புவாரு.

ஸ்பெல் ஸ்லாட் தீந்துருமோன்னு பயத்துல சேத்து சேத்து வெக்கிறேன். சரியா?

இல்லவே இல்ல. கதைல உங்க தலைக்குள்ள ஒரு புழு இருக்கு, சீக்கிரம் மாறிருவீங்கன்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க, அத நம்பி தூங்காமலே ஆடுறவங்க இருக்காங்க, நானும் மொத தடவ அப்படித்தான் மூணு மணிநேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு ஓடினேன். அந்த மாதிரி நாள் கணக்கு எதுவும் பின்னாடி ஓடல. லாங் ரெஸ்ட், அதாவது கேம்ப்ல ராத்திரி தூங்குறது, தாராளமா எடுங்க, ஸ்லாட் எல்லாம் திரும்ப வந்துரும். பேலன்ஸ்டு (நடுத்தர கஷ்டம்) மோட்ல ஒரு ரெஸ்டுக்கு 40 கேம்ப் சப்ளை, டாக்டிஷியன்ல (அதவிட கஷ்டம்) 80. வழில கெடக்குற சாப்பாட்டு சாமான் எல்லாம் பொறுக்கி கேம்புக்கு அனுப்புங்க, பத்தாம போறது அபூர்வம். கூட வர்றவங்களோட கதைக் காட்சிங்க நெறைய ராத்திரி கேம்ப்லதான் வரும், தூங்காம ஆடினா அதெல்லாம் மிஸ் ஆகும்.

ஒன்னே ஒன்னு கவனம், கண்ணு முன்னாடி அவசரமா ஒன்னு நடந்துட்டு இருந்தா, வீடு எரியுது உள்ள ஆள் இருக்குன்னா, அத முடிச்சிட்டு தூங்குங்க. போய்ட்டு காலைல வந்தா முடிஞ்சிருக்கும்.

நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட் ஓசி. ஒவ்வொன்னுலயும் பாதி எச்பி ஏறும், வில்ங்குற பேர்ல உங்க கூட வர்றவன் மாதிரி வார்லாக் வகை மந்திரவாதிக்கு ஸ்லாட்டே திரும்ப வந்துரும், லேசெல்லுக்கு ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரு கூடுதல் ஆக்‌ஷன்) திரும்ப வரும். போஷன் குடிக்கிறதுக்கு முன்னாடி இத யூஸ் பண்ணுங்க.

பைல நெறைய ஸ்க்ரோல், குண்டு, ஸ்பெஷல் அம்பு இருக்கு. பெரிய பாஸுக்கு வெச்சிருக்கேன்.

வெச்சிருந்து வெச்சிருந்து கடைசில கேமே முடிஞ்சிரும். இந்த கேம்ல ஸ்க்ரோல யார் வேணா படிக்கலாம், லேசெல் கூட ஃபயர்பால் ஸ்க்ரோல் விடலாம். கஷ்டமான சண்டை வந்தா இன்வென்டரிய திறந்து பாருங்க, பாதி நேரம் பதில் அங்கயே கெடக்கும். ஸ்பீட் போஷன் மூணு டர்னுக்கு கூடுதல் ஆக்‌ஷன் குடுக்கும், முடிஞ்சதும் ஒரு டர்ன் சோர்ந்து நிப்பான், அதனால மூணு டர்ன்ல முடியுற சண்டைக்கு குடிங்க.

தண்ணி, எண்ணெய், நெருப்புன்னு என்னமோ சொல்றாங்களே?

தரைதான் இந்த கேமோட அஞ்சாவது பார்ட்டி மெம்பர். தண்ணி பாட்டில எறிஞ்சு எதிரிய நனைச்சா மின்னலும் குளிரும் அவனுக்கு டபுளா வலிக்கும். ஆனா நனைஞ்சவனுக்கு நெருப்பு கம்மியா படும், அதனால நனைச்சிட்டு ஃபயர் போல்ட் போட்டு ஏன் டேமேஜ் வரலன்னு கேக்காதீங்க. க்ரீஸ் ஸ்பெல் போட்டா வழுக்கி விழுவாங்க, விழுந்தவன் மேல பக்கத்துல இருந்து அடிக்க அட்வான்டேஜ், எல்லாரும் அதுல நிக்கும்போது ஒரு நெருப்புப் பொறி விட்டா மொத்தமா பத்திக்கும். உங்க ஆளும் அதுல நிக்கிறானான்னு பாத்துக்கோங்க. நான் பாக்கல.

மெழுகுவத்தி ஒன்னு பைல வெச்சிருங்க. சண்டைக்கு முன்னாடி தரைல வெச்சு அதுல ஆயுதத்த டிப் பண்ணினா ஒவ்வொரு அடிக்கும் 4 பக்க டைஸ் ஒன்னு நெருப்பு டேமேஜ் கூட வரும். லெவல் 1ல அது பெரிய விஷயம்.

அப்புறம் பள்ளம். பள்ளத்தோரமா நிக்கிற எதிரிய பாத்தா எனக்கு எச்பியே தெரியாது, தள்ளு பட்டன்தான் தெரியும். அடி தெரியாத பள்ளத்துல விழுந்தா ஒரே போக்கு. அவன் வெச்சிருந்த சாமானும் அவனோட போயிரும், நல்ல ஆயுதம் வெச்சிருக்கான்னா யோசிச்சு தள்ளுங்க. அவனும் உங்கள தள்ளுவான், ஓரத்துல நிக்காதீங்க.

முதல் பாகத்துல ஒரு பெரிய சிலந்தி பாஸ் வரும், அத எச்பி பாத்து பயந்து ஓடினவங்க நெறைய. சண்டைக்கு முன்னாடியே ஒளிஞ்சு போய் முட்டைங்கள ஒடைச்சிட்டு, அது பள்ளத்துக்கு மேல இருக்குற வலைல வந்து நிக்கும்போது வலைய நெருப்பால எரிச்சு விட்டா விழுந்து ஏகப்பட்ட டேமேஜ் வாங்கும். இத நானே கண்டுபிடிச்சேன்னு பெருமையா சொல்லிட்டு திரிஞ்சேன், அப்புறம் பாத்தா எல்லாரும் அதத்தான் பண்ணியிருக்காங்க.

பெரிய கவசம் கெடைச்சுது, மந்திரவாதி கேல் மேல மாட்டினேன், இப்ப ஸ்பெல்லே வரல?

கழட்டுங்க. பயிற்சி இல்லாத கவசம் போட்டா ஸ்பெல் போட முடியாது, அடிக்கும் டிஸ்அட்வான்டேஜ். கேலுக்கு துணி அங்கி, கூட மேஜ் ஆர்மர் ஸ்பெல், லாங் ரெஸ்ட் வரைக்கும் நிக்கும், காலைல போட்டுட்டு மறந்துரலாம்.

கூட வர்ற எஸ்டேரியனோட ஸ்னீக் அட்டாக் (கூடுதல் டேமேஜ் குடுக்குற அடி) எப்ப வருது எப்ப வரலன்னு புரியல.

அட்வான்டேஜ் இருக்கணும், இல்லன்னா அந்த எதிரி பக்கத்துல உங்க ஆள் ஒருத்தன் நிக்கணும். அதனால லேசெல் யார்கிட்ட சண்டை போடுறாளோ அவனையே எஸ்டேரியனும் அடிக்கணும். ஒரு டர்னுக்கு ஒரு தடவதான். அவன் கைல பெரிய வாள் குடுக்காதீங்க, ரேப்பியர், வில்லு மாதிரி வேகத்த வெச்சு அடிக்கிற ஆயுதம்தான் அவனுக்கு.

லெவல் 4 வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துட்டேன், ஆனா எல்லா சண்டையும் இழுக்குது.

5 வரட்டும். ஃபைட்டர், பார்பேரியன், பேலடின் எல்லாருக்கும் ஒரு ஆக்‌ஷன்ல ரெண்டு அடி வரும், கேலுக்கு ஃபயர்பால் மாதிரி மூணாம் லெவல் ஸ்பெல் வரும், 8 டைஸ் டேமேஜ், ஒவ்வொன்னும் 6 பக்கம். கேம் அப்படியே மாறிரும். இந்த கேம்ல மேக்ஸ் லெவலே 12தான், அதனால ஒவ்வொரு லெவலும் கனம். கஷ்டமான சண்டை ஒன்னு வழில நின்னா அத விட்டுட்டு வேற பக்கம் சுத்திட்டு லெவல் ஏறி வாங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, ஒரு கிளாஸ்ல ரெண்டு லெவல், இன்னொன்னுல ரெண்டு லெவல்னு கலந்து ஆடுறவங்களுக்கு 5ல இந்த பரிசு கெடைக்காது. மொத ஆட்டத்துல ஒரே கிளாஸ்ல போங்க.

நடு சண்டைல தோக்கப் போறேன்னு தெரியுது, சேவ் பண்ணல. என்ன பண்ண?

ஒருத்தனையாவது எதிரிங்ககிட்ட இருந்து நல்ல தூரம் ஓட்டிட்டு கேம்புக்கு தப்பிக்க வைங்க. அவன் ஒருத்தன் பொழச்சாலே போதும், விதர்ஸ்கிட்ட காசு குடுத்து செத்தவங்கள எழுப்பிட்டு தூங்கி எழுந்து திரும்ப வரலாம். அப்புறம் எஃப்5 தான் குயிக் சேவ், கதவு ஒவ்வொன்னுக்கும் முன்னாடி அமுக்குங்க.

ஈஸி மோட் வெச்சா வெக்கமா இருக்காதா?

யார் பாக்குறா? எக்ஸ்ப்ளோரர்ல ஆரம்பிங்க, போரடிச்சா பேலன்ஸ்டுக்கு ஏத்துங்க, நடுவுலயே மாத்திக்கலாம். ஹானர் மோட் மட்டும் வேணாம், அதுல ஒரே சேவ், பாஸுங்களுக்கு கூடுதல் பவர் வேற. அத முடிச்சேன்னு சொல்லிக்கிறவங்க முன்னாடி எத்தன தடவ செத்தாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நான் ஆறு தடவ, அதுல ஒரு தடவ என் க்ரீஸ்லயே வழுக்கி.